மரங்கொத்திக்கு ஒரு பெட்டி

மரங்கொத்திக்குப் பெட்டி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். உள்ளே காலியாக விட்டுவிடுகிறார்கள்.

சிட்டுக்குருவிக்குக் காலிப் பெட்டி போதும். மைனாவுக்கும் போதும். ஓட்டை கண்ணில் பட்டால் உள்ளே புகுந்து, நாலு துரும்பைக் கொண்டுவந்து போட்டுக் குடித்தனம் ஆரம்பித்துவிடும். மரங்கொத்தி அந்த ஜாதி இல்லை. யாரோ கட்டிவைத்த வீட்டில் அது கால் வைக்காது. தானே கொத்திக் குடைந்த பொந்தில்தான் முட்டையிடும். ஆகவே பெட்டியின் அடியிலிருந்து வாசல்வரை மரத்தூளைத் திணிக்க வேண்டும். லேசாகத் தண்ணீர் தெளித்து, கையால் அமுக்கி அமுக்கிக் கெட்டிப்படுத்த வேண்டும். இது உளுத்துப்போன மரம் என்று பறவை நம்ப வேண்டும். நம்பினால் கொத்தும்.

நான் செய்த பெட்டிகளில் அந்தத் தவறு இல்லை. இருந்திருந்தால் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன், இன்ஸ்பெக்டர் சார்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. என் மராத்தி காய்கறிக் கடையோடு சரி. நடுவில் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் நம்பிராஜன் இருக்கிறார். தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். நான் சொல்லச் சொல்ல அவர் மராத்தியில் எழுதிக்கொள்கிறார். கையெழுத்து அழகாக இருக்கிறது. அவசரமில்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் கிருஷ்ணமூர்த்தி. பல்லார்ட் பியரில் ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க். செம்பூரில் எல்லாருக்கும் கிட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா அகிலாண்டம்தான் என் குடும்பம். அவள் எப்படிச் செத்தாள் என்பதுதான் உங்கள் கேள்வி. பெட்டிகளை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் அங்கிருந்து ஆரம்பித்தேன்.

எங்கள் வீடு பழைய காட்டேஜ். கீழே கூடம், சமையலறை, என் அறை. மாடியில் ஒரே ஓர் அறை. அது பிற்பாடு யாரோ எழுப்பியது. சுவர் செங்கல் இல்லை, தேக்குப் பலகை. மேலே ஆஸ்பெஸ்டாஸ். காய்ந்த தேக்கு வீணைக் குடம் மாதிரி. மேலே ஒரு ஸ்பூன் விழுந்தால் அடுத்த வீட்டுக் கொல்லையில் கேட்கும். அந்த அறையை உரசிக்கொண்டு ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது.

போன தீபாவளி கழிந்து அக்கா குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் மிஞ்சியது. அதிலும் ஓயாத நடுக்கம். மேலே காற்று வரும் என்று நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மாடி அறையில் படுக்கவைத்தேன். பருப்பு மத்தை அவள் கையில் கொடுத்து, வேண்டும்போது சுவரில் தட்டு, வந்துவிடுகிறேன் என்று சொன்னவனும் நானே. கை நடுங்கியதால் ஒரு தட்டு ஒன்றாக விழாது. டர்ர்ர் என்று ஓடும்.

பகலில் பார்த்துக்கொள்ள தாராவியிலிருந்து முப்பிடாதியம்மாள் வந்துகொண்டிருந்தாள். மத்துச் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடுவாள். "இந்தா வந்துட்டேன் தாயி" என்று முதல் படியிலேயே குரல் கொடுப்பாள். மாதுங்காவில் பஜனைக்குப் போனால் எல்லாரும் என்னைத்தான் காட்டிப் பேசுவார்கள். தம்பி என்றால் கிட்டு மாதிரி இருக்க வேண்டும் என்று. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உண்மையைத்தானே சொன்னார்கள்.

இந்த வருஷம் பிப்ரவரியில் கலவரத்தில் ஊர் கெட்டிருந்தபோது நம்மவர்களுடைய ஹோட்டல் கண்ணாடிகள் உடைந்தன. பால் பூத்தில் நின்று தமிழ் பேசப் பயந்தார்கள். மாடி ஜன்னலுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தேன். அப்போது செம்பூரில் பல வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்புறம் ஊர் அடங்கியது. மற்றவர்கள் பலகையைக் கழற்றினார்கள். நான் கழற்றவில்லை. அதையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா அம்மா பாலக்காட்டில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அக்காவுக்குக் கல்யாணமான வருஷமே அத்திம்பேரும் போய்விட்டார். என்னை இழுத்துக்கொண்டு மாதுங்காவுக்கு வந்தாள். நாலு வீட்டில் சமைத்து என்னைப் படிக்கவைத்தாள். இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கவில்லை.

அக்கா என்னை அடித்ததே இல்லை. தப்புச் செய்தால் சாமான் அறையில் விட்டுக் கதவைச் சாத்துவாள். உள்ளே இருட்டு, மிளகாய் நெடி. நான் கதவைத் தட்டுவேன். வெளியேயிருந்து அவள் குரல் வரும். துளிக்கூடக் கோபம் இல்லாத குரல்.

"தட்டறதை நிறுத்துடா கிட்டு. நிறுத்தினாத்தான் திறப்பேன்."

நிறுத்தினாலும் உடனே திறக்க மாட்டாள். நிஜமாகவே நிறுத்திவிட்டேனா, இல்லை மூச்சு வாங்குகிறேனா என்று பார்ப்பாள். அப்புறம் திறப்பாள். திறந்ததும் சுடச்சுடச் சாதம் பிசைந்து போடுவாள். என்னுடைய பொறுமை முழுவதும் அந்த அறையில் கற்றதுதான். ஆபீஸில் எத்தனை கத்தினாலும் கிட்டு முகம் மாறாது என்பார்கள். அந்தப் பெருமை அக்காவைச் சேர்ந்தது.

நாகலக்ஷ்மி என்று ஒரு பெண்ணை எனக்குப் பேசினார்கள். மாதுங்காப் பெண், டைப்பிங் தெரிந்தவள், சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். தேதிகூடப் பார்த்தாயிற்று. திடீரென்று அவர்களாகவே விலகிக்கொண்டார்கள். எனக்குக் காக்காய்வலிப்பு உண்டு என்று அக்கா அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தது, எனக்குத் தலை நரைத்த பிறகு ஒரு கல்யாணப் பந்தியில்தான் தெரிந்தது. பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் சொன்னார். அக்காவிடம் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நம்பிராஜன் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழிவாங்கும் எண்ணம் உள்ளவன் கேட்டிருப்பான்.

மார்ச்சில் ஒரு சாயங்காலம் குர்லாவில் வண்டி நின்றுவிட்டது. வீட்டுக்கு வரத் தாமதம். முப்பிடாதியம்மாள் கிளம்பிப் போயிருந்தாள். மேலே மத்து ஓடிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றினேன், கால் கழுவினேன், காபி கலந்தேன். வழக்கமாகக் காபியை அப்படியே வைத்துவிட்டு மேலே ஓடுவேன். திரும்பி வரும்போது ஆறி, ஆடை கட்டியிருக்கும். அன்று உட்கார்ந்து குடித்தேன். டர்ர்ர். ஒரு வாய். டர்ர்ர். ஒரு வாய். டம்ளர் காலியாகும்வரை குடித்தேன். ஆறாத காபி எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

பிறகு மேலே போனேன். அக்காவின் கோபம் எனக்குப் பழக்கம். அன்று அவள் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, பயம். தண்ணீரை வாயில் விட்டேன். குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே ஒரு ஏற்பாடு," என்றேன். "தட்டறதை நிறுத்து. நிறுத்தினாத்தான் திறப்பேன்."

பேச்சுத்தான் போயிருந்தது, ஞாபகம் போகவில்லை. புரிந்துகொண்டாள்.

மறுநாள் முப்பிடாதியம்மாளை நிறுத்தினேன். ஒருவர் ஒழுங்கு கற்கிற இடத்தில், சத்தம் கேட்டதும் ஓடுகிற ஆள் இருந்தால் சரிவராது. மாதுங்காவிலிருந்து நர்ஸ் வரப்போகிறாள் என்று சொன்னேன். "ஆத்தாவுக்குத் தாகம் சாஸ்தி சாமி. வாரவங்ககிட்ட மறக்காம சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கம்பக்கத்தில், அக்காவுக்கு ஆள் நடமாட்டம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். நோயாளி வீட்டுக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தால் யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

ஏற்பாடு எளிமையானது. காலையும் மாலையும் தட்டோடு மேலே போவேன். பூட்டிய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரிப்பேன். முதல் பக்கத்தைப் படித்து முடிக்கும் நேரம் உள்ளே சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும். இருந்தால் திறப்பேன். நடுவில் தட்டினால் முதல் வரியிலிருந்து மறுபடி படிப்பேன். அக்கா சீக்கிரம் கற்றுக்கொண்டாள். கஞ்சி ஊட்டுவேன், துடைத்துவிடுவேன், துணி மாற்றுவேன். ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

ஆனால் பகலில் நான் ஆபீஸில் இருக்கும்போது தட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாள். அடுத்த வீட்டு வாலாம்பாள் மாமி மூலம்தான் தெரிந்தது. மாமி நல்ல மாதிரி. பேச்சு கொஞ்சம் அதிகம். ஒரு நாள் கொல்லைச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏன் கிட்டு அண்ணா, உங்காத்து மரத்துல மரங்கொத்தி வந்திருக்கோ? மத்தியானம் பூரா டர்ருடர்ருனு கொத்திண்டே இருக்கே. தூங்க விடமாட்டேங்கறது."

நானாகச் சொல்லவில்லை, சார். அவளாகத்தான் சொன்னாள். "அப்படித்தான் இருக்கும் மாமி" என்றேன்.

சொன்ன பிறகு மனசு உறுத்தியது. நான் பொய் சொல்லிப் பழகாதவன். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய் இல்லை. அதற்கு ஒரு வழிதான் இருந்தது. மரங்கொத்தியை வரவழைப்பது.

ஆபீஸ் லைப்ரரியில், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தில் பெட்டி செய்யும் முறை இருந்தது. முப்பிடாதியம்மாளின் புருஷன் சொரிமுத்து தாராவியில் பெட்டி அடிக்கிற பட்டறையில் வேலை செய்கிறான். அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னேன். பெண்டாட்டியை வேலையைவிட்டு நிறுத்தியதில் அவனுக்கு வருத்தம் இல்லை. அவளுக்குச் சயானில் வேறு வீடு கிடைத்துவிட்டதாம். பழைய பார்சல் பெட்டிப் பலகையும், ஒரு சாக்கு மரத்தூளும் கொண்டுவந்தான். கனமான பலகை. உள்பக்கம் இழைக்கக் கூடாது. பறவையின் நகம் பிடித்து ஏறுவதற்காக ரம்பத்தால் குறுக்கே கீறிவிட வேண்டும். மூடிக்குச் சைக்கிள் ட்யூபில் கீல். மரத்தில் ஆணி அடிக்க நான் விடவில்லை. தேங்காய்நார்க் கயிற்றால் கட்டச் சொன்னேன். மரத்துக்கும் உயிர் இருக்கிறது.

தூளைத் திணிக்கச் சொன்னபோது அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சாமி, இது குருவிக்கு வீடா, இல்ல மாங்கா ஊறப்போடுத சாடியா? இம்புட்டுத் தூசியும் அடைச்சிட்டா அது எங்க இருக்கும்?"

"அதுவே தோண்டிக்கும்."

"வாடகைக்கு வாரவனே செவுத்த இடிச்சு வீடு பண்ணிக்கிடணும். நல்ல வீட்டுக்காரரு சாமி நீங்க."

சிரித்துக்கொண்டே வேலை செய்தான். வாசலில் தூளைக் கட்டைவிரலால் அமுக்கி, பூச்சு வேலை மாதிரி வழித்துவிட்டான். அவன் கட்டைவிரலில் குறுக்கே ஒரு பழைய உளிக்காயம். அந்தத் தழும்பு தூளில் அப்படியே பதிந்தது. நான் அதைப் பார்த்தேன். நன்றாக அமுக்கியிருக்கிறான் என்று மட்டும்தான் நினைத்தேன்.

மரத்தில் ஏறி அவன் இரண்டு பெட்டிகளையும் கட்டும்போது மாடிச் சுவர் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அன்று மேலே சத்தமே இல்லை. காரணம் இருக்கிறது. அன்று நாள் முழுக்கத் தட்டாமல் இருந்தால் சாயங்காலம் காபி என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். காபி குடித்து வெகுநாள் ஆகியிருந்தது. அவளுக்குக் காபி என்றால் உயிர்.

இறங்கி வந்தவன், "ஆத்தா முழிச்சிருக்காவளா சாமி? ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன். வீட்ல கேப்பா" என்றான். தூங்குகிறாள் என்றேன். சாயங்காலம் காபி கொடுத்தேன். சொன்ன சொல் தவறுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மரங்கொத்தி வந்தது, சார். ஒரே ஒரு தடவை. காலையில் நானே பார்த்தேன். பொன் முதுகு, சிவப்புக் கொண்டை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து எதையோ கேட்டது. பலகைச் சுவருக்குள் மத்து ஓடியது. உடனே பறந்துவிட்டது. வேறொரு மரங்கொத்தி தட்டுகிற இடத்தில் இன்னொன்று தங்காதாம். புத்தகத்தில் போட்டிருந்தது. ஏமாந்தது மாமி மட்டும் இல்லை.

பெட்டி தொங்கியதும் செம்பூர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மாமி வருகிற போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காது கொடுக்கச் சொன்னாள். கிட்டு அண்ணாவுக்கு வாயில்லா ஜீவன்மேல் எத்தனை கருணை பாருங்கோ என்றாள். அக்காவைப் பார்த்துக்கொள்கிறவன் பறவையையும் பார்த்துக்கொள்கிறான் என்றார்கள்.

ஏப்ரல் வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அதன் பிறகு அப்பள சீசன்.

வெயில் ஏறுவதற்கு முன்னும், வெயில் தாழ்ந்த பின்னும், மாமி கொல்லையில் மணையைப் போட்டு அப்பளம் இடுவாள். ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாகச் சுவர் ஓரம் ஓடிவந்தாள்.

"கிட்டு அண்ணா, ஒரு ஆச்சரியம் கேளுங்கோ. குழவியால மணைல சும்மா ரெண்டு தட்டு தட்டினேன். அதுவும் ரெண்டு தடவை டர்ருங்கறது. மூணு தட்டினா மூணு. ஒரு தடவைகூடத் தப்பலை. என்ன புத்தி பாருங்கோ அதுக்கு."

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன். "மரங்கொத்தி புத்திசாலிப் பறவை மாமி" என்றேன்.

அன்று மாலை கதவைத் திறந்தபோது அக்காவின் முகம் வேறாக இருந்தது. பயம் போயிருந்தது. ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களின் முகம் அது. கஞ்சியை ஒரு சொட்டு வழியவிடாமல் விழுங்கினாள். தெம்பு சேர்க்கிறாள் என்று புரிந்தது. கீழே யாரோ பதில் தட்டுகிறார்கள். நம்மைக் கண்டுகொண்டார்கள். இன்றோ நாளையோ ஆள் அனுப்புவார்கள். இப்படி நினைத்திருக்கிறாள்.

அக்கா, மாமி உன்னை மரங்கொத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு வரி சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. நம்பிக்கையோடு இருக்கிற நோயாளியிடம் அப்படிச் சொல்வது கொடூரம்.

மே மாதம் அந்தத் திங்கட்கிழமை காலை நான் தட்டோடு படியில் உட்கார்ந்தேன். கொல்லையில் குழவி தட்டியது. உள்ளே மத்து ஓடியது. பேப்பரை முதல் வரியிலிருந்து படித்தேன். மறுபடி மத்து. மறுபடி முதல் வரி. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலமும் அதே கதை. செவ்வாயும் அதே கதை. பழைய அக்காவாக இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தியிருப்பாள். இப்போது அவளுக்கு என்னைவிட அந்தக் குழவிமேல் நம்பிக்கை வந்துவிட்டது. நிறுத்தினால் கீழே இருப்பவர்கள் போய்விடுவார்கள் என்ற பயம். இருட்டிய பிறகு தட்ட மாட்டாள். பதில் கொடுக்க ஆள் இல்லாத நேரத்தில் தெம்பை வீணாக்கக் கூடாது என்கிற புத்தி இருந்தது.

தட்டில் தயிர் சாதம், டம்ளரில் தண்ணீர். தினமும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தேன். ஊசிப்போன சாதத்தை ஒரு நாளும் வைத்ததில்லை.

நம்பிராஜன் பேனாவை நிறுத்திவிட்டார். உங்களுக்குப் புரியாது சார், அவர் என்னிடம் கேட்பது, "தண்ணியாவது குடுத்திருக்கலாம்லா?" என்று. தண்ணீர் கதவுக்கு வெளியேதான் இருந்தது, நம்பிராஜன். தூசி விழாமல் மூடித்தான் வைத்திருந்தேன். எழுதுங்கள்.

புதன்கிழமை மாமி சொன்னாள், பறவைக்கு என்னமோ அவசரம், குஞ்சு பொரிக்கிற நேரம்போல, ஓயாமல் கொத்துகிறது என்று. வியாழக்கிழமை சாயங்காலம் நான் கேட்டைத் திறந்தபோது மாமி மணைமுன் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். ரெண்டு. அப்புறம் மூணு. மேலே பதில் இல்லை.

படியில் உட்கார்ந்து முதல் பக்கத்தை முழுவதும் படித்தேன். விளம்பரத்தைக்கூட விடவில்லை. பிறகு கதவைத் திறந்தேன்.

மத்து அவள் கையிலேயே இருந்தது. கட்டிலை ஒட்டிய பலகையில், அவள் கை எட்டுகிற இடத்தில் ஒரு குழி. வட்டமாக, ஓரம் தேய்ந்து, ஏறக்குறைய என் பெட்டிகளின் வாசல் அளவுக்கு. தலையணையெல்லாம் மரத்தூள். நீங்களும் அந்தக் குழியைப் பார்த்தீர்கள். தூளை நான் பெருக்கிவிட்டேன். துக்கத்துக்கு ஆட்கள் வருவார்கள் அல்லவா.

டாக்டர் வந்தார். இந்த நிலையில் இருப்பவர்கள் இத்தனை நாள் தாங்கியதே பெரிசு என்று சொல்லி எழுதிக்கொடுத்தார். காரியங்களையெல்லாம் குறைவில்லாமல் செய்தேன். மாதுங்காவிலிருந்து வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

பதின்மூன்றாம் நாள் காரியம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சொரிமுத்துவும் முப்பிடாதியம்மாளும் துக்கம் கேட்க வந்தார்கள். மாமியும் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா போனதோட அந்தப் பறவையும் போயிடுத்து, கிட்டு அண்ணா," என்றாள். "பூனை கீனை பிடிச்சிருக்குமோ என்னமோ. உள்ள குஞ்சு இருந்தா பாவம், தண்ணியில்லாம தவிக்கும். கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கோளேன்."

வேண்டாம் மாமி என்றேன். ஆனால் சொரிமுத்து அதற்குள் மரத்தில் பாதி ஏறிவிட்டான். வாயில்லா ஜீவன் என்றால் இவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு பதற்றம். பெட்டியை அவிழ்த்துக் கீழே கொண்டுவந்து மூடியைத் திறந்தான். வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாசலைத் தடவிப் பார்த்தான்.

"சாமி, இத ஒரு குருவியும் தொடல. எம் பெருவெரலு வச்ச எடத்துல அப்பிடியே இருக்கு."

மாமி நம்பவில்லை. இன்னொன்றாக இருக்கும் என்றாள். இன்னொன்றையும் இறக்கினான். அதிலும் தூள் சுவர் மாதிரி நின்றது. தழும்போடு.

"நான் தினம் கேட்டேனே," என்றாள் மாமி. "தட்டினா தட்டித்தே."

"எப்படித் தட்டிச்சு மாமி?" என்று முப்பிடாதியம்மாள் கேட்டாள்.

மாமி பெட்டி மூடியின்மேல் விரல் நகங்களை ஓடவிட்டுக் காட்டினாள். டர்ர்ர்.

முப்பிடாதியம்மாள் எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். பழக்கம். கூடத்தைத் தாண்டி மாடிப்படியின் முதல் படியில் கால் வைத்தாள். "இந்தா" என்று ஆரம்பித்தாள். அங்கேயே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினாள்.

மாமி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொரிமுத்து பெட்டியைத் தரையில் வைத்தான். அவன்தான் உங்களிடம் வந்தான்.

ஆக, நியாயமாகப் பார்த்தால், இன்ஸ்பெக்டர் சார், ஏற்பாட்டில் பிழை இல்லை. மாமி பதில் தட்டாமல் இருந்திருந்தால் அக்கா நிறுத்தியிருப்பாள். நிறுத்தியிருந்தால் நான் திறந்திருப்பேன். மாமியின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு விஷயம் தெரியாது. மற்றபடி கதவைப் பூட்டியது நான், சாவி என்னிடம் இருந்தது, அக்கா தண்ணீரில்லாமல் செத்தாள். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்துப் போடுகிறேன்.

நம்பிராஜன் மறுபடி ஏதோ கேட்கிறார்.

"ராத்திரி அவங்க தட்டலன்னு நீங்களே சொல்லுதீங்க. அப்போ திறந்திருக்கலாம்லா சார்?"

நல்ல கேள்வி. இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

இரவில் அவள் தட்டவில்லை. அது உண்மை. நான் தூங்கிவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லை. படியில்தான் உட்கார்ந்திருந்தேன். சாவி மடியில் இருந்தது. உள்ளே சத்தமே இல்லை, முதல் பக்கத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் படித்திருக்கலாம். பேப்பரை நான் பிரிக்கவில்லை. விடிந்து, கொல்லையில் குழவி விழுந்து, உள்ளே டர்ர்ர் என்று ஓடியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுந்து காபி கலந்துகொண்டேன்.

இதை எழுத வேண்டாம், நம்பிராஜன். அவள் வியாழக்கிழமை நிறுத்தினாள், நான் உடனே திறந்தேன் என்று மட்டும் எழுதுங்கள்.